மடு பஸ் ஆட்களும் அக்கித் தடுப்பூசியும்

ஊசி போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் கைகள் என் கைகளை விட நன்றாகவே செய்யும். என்னுடையவை இப்போது தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதே இலேசாக நடுங்குகின்றன. குடும்ப மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் சொல்ல என்னிடம் வேறொன்று இருக்கிறது. போடுவதற்கென்று கையில் எடுத்த ஊசியை ஒரு நாள் கீழே வைத்தேன். இன்னொரு நாள், உடனே போடச் சொல்லி எல்லோரும் என் முகத்தைப் பார்த்த ஊசியைப் போடாமல் நின்றேன். இரண்டு நாட்களிலும் அந்த இடத்தில் என்னோடு இருந்தவர் ஒரே பெண்மணிதான். இரண்டும் நன்றாக முடிந்தன. நன்றாக முடிந்ததால்தான் சொல்கிறேன். தவறிப்போனவற்றைப் பற்றிக் கருத்தரங்குகளில் போதும் போதும் என்னும் அளவுக்குக் கேட்டிருப்பீர்கள்.

எனக்கு வீடு வெள்ளவத்தையில், கிளினிக் கொட்டாஞ்சேனையில். காலையில் கரையோர ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பேன். எவ்வளவு காலம் அங்கே வேலை செய்தும் என் வாயிலிருந்த யாழ்ப்பாணப் பேச்சு மாறவேயில்லை. நான் ‘இருங்கோ, சொல்லுங்கோ’ என்றால், கொட்டாஞ்சேனை ஆட்கள் அதே மாதிரி எனக்கே பேசிக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களில் அதிகமாகச் சிரித்தவர் ரோஸ்மேரி அக்கா.

கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் ரொஷான் கனடாவில். ஆனால் அக்கா தனியாக இருந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடியிலும் ஆவணியிலும் மன்னார்ப் பக்கம் இருக்கும் மடு மாதா கோவில் திருவிழாவுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பஸ் நிறைய வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போய், ஒருவரும் காணாமற்போகாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. பஸ் புறப்படும் முன் ஒவ்வொருவர் தோளிலும் தட்டித் தட்டி ஆள் எண்ணுவார். யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர், யார் ஜன்னல் பக்கம் இல்லாவிட்டால் வாந்தி எடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்புதான் அக்கிக்கான புதிய தடுப்பூசி எங்களைப் போன்ற சிறிய கிளினிக்குகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது. சில மாத இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். அக்கி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆட்களுக்குச் சொல்லும்போது நான் இப்படித்தான் சொல்வேன்: சின்ன வயதில் கொப்பளிப்பான், அதுதான் சின்னம்மை, வந்து மாறினாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயது போய் உடம்பு தளரும்போது எழும்பி, அந்த நரம்பு ஓடும் வழி முழுவதும் எரித்துக்கொண்டு வருகிறது. கொப்புளம் ஆறிவிடும்; நோவு சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்கும். சட்டை பட்டதற்கு அழுத பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரொஷான் இதை நன்றாகப் படித்து வைத்திருந்தார். மனைவி ஷெரினுடன் விடுமுறைக்கு வந்தவர், திரும்பிப் போகும் முன் தாய்க்கு முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே எனக்குப் போன் செய்து மருந்தை எடுப்பித்தும் வைத்திருந்தார். கிளினிக்குக்கு வந்த நாளுக்கு மறுநாள் இரவு அவர்களுக்கு விமானம். ஆனி மாதக் கடைசி, சரியான புழுக்கம். மேடிட்ட வயிறோடு ஷெரின் வெளியே மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருந்தாள். மகனும் தாயும் உள்ளே வந்தார்கள்.

அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். சாய்ந்து இருக்கச் சொன்னேன். பரவாயில்லை, இப்படியே இருக்கிறேன் என்றார். வழக்கமாக என் கதிரையில் அரசியைப் போலச் சாய்ந்துகொண்டு ஊர்ப்புதினம் சொல்லும் மனுஷி. தாதி குமுதினி மருந்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் வழமையான கேள்விகளைக் கேட்டேன்: காய்ச்சல் இருக்கிறதா, புதிதாக ஏதும் மருந்து எடுக்கிறீர்களா, வேறு ஏதும் சுகமில்லையா. மகன்தான் பதில் சொன்னார். சில நாளாக இடது பக்கம் நெஞ்சுக்குக் கீழே குத்துகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஈசிஜி, இரத்தம் எல்லாம் பார்த்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார்கள் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் மீது ஒரு குறையும் இல்லை. அவர்கள் பார்த்த நேரத்தில் பார்ப்பதற்கு வேறொன்றும் இருந்திருக்காது. முதலில் இதயத்தைப் பார்த்ததும் சரியான வேலைதான்.

குமுதினி ஊசியை என்னிடம் தந்தாள். அக்கா சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார். அந்த நேரம் மின்விசிறிக் காற்றில் அவருடைய சேலைத் தலைப்பு முதுகில் போய்ப் பட்டது. அவர் முகம் சுருங்கி விரிந்ததைக் கண்டேன்.

முதுகைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றேன்.

“கையில போடுற ஊசிக்கு முதுகு என்னத்துக்கு டொக்டர்?” என்றார்.

“சும்மா ஒருக்கா பாப்பம் அக்கா.”

திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, சிவந்த தோலின் மேல் பனித்துளி மாதிரிச் சிறு கொப்புளங்கள். அங்கிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம் நோக்கி ஒரு சிவப்புப் பட்டை. முதுகெலும்பைத் தாண்டி வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் பின்னேரம்தான் கையில் தட்டுப்பட்டதாம். வேர்க்குரு என்று நினைத்தாராம்.

தடுப்பதற்காக நாங்கள் ஆயத்தமாகி நின்ற வருத்தம் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மருந்து கரைத்தாயிற்று. மகன் இரண்டு கிழமையாக இதற்காக ஓடியிருக்கிறார். நாளைக்கு விமானம். அவர் கோபக்காரர் அல்லர், பயந்தவர். அக்கி வந்தவர்களுக்கும் இந்த ஊசி போடலாம் என்று தான் வாசித்ததாகச் சொன்னார். அது உண்மைதான் என்றேன். வந்து மாறியவர்களுக்குப் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் வருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது போடுவதில்லை. இந்த ஊசி இனிமேல் வராமல் தடுக்கத்தான் உதவும், வந்ததை அடக்காது. இப்போது அம்மாவுக்கு வேண்டியது கிருமியை அடக்கும் குளிசை, அதுவும் இன்றைக்கே. கொப்புளம் கிளம்பி மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

“நான் போன பிறகு அவவை யார் டொக்டர் கூட்டிட்டு வாறது?” என்றார்.

அப்போது எனக்கும் ஒரு சலனம் வந்தது. மருந்து வீணாகிறதே, பையன் இவ்வளவு ஆசையாக வந்திருக்கிறானே என்று. அந்தச் சலனம் உங்களுக்கும் வரும். கரைத்த மருந்தோ எதிரில் நிற்பவரின் முகமோ ஊசி போடுவதற்குக் காரணம் ஆகாது. அந்தக் கரைத்த மருந்து வீணாகவும் இல்லை. அன்று பின்னேரம் வர இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் குமுதினி போன் செய்து உடனே வரச்சொன்னாள். நேரம் போகும் முன் அவர் கையில் அது போய்ச் சேர்ந்தது.

குளிசை எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்த எரிவுக்கு வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பூசின களிம்பு ஏதும் இருந்தால் அறிந்துகொள்ளத்தான்.

“மருமக ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி விட்டா. அவ கை பட்டாத்தான் கொஞ்சம் சொகம்,” என்றார் அக்கா.

என் பேனை நின்றுவிட்டது. நான் ரொஷானைப் பார்த்தேன். ஷெரினுக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். ஆறு என்றார்.

அக்கியை அக்கியாக யாராலும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தக் கொப்புளத்தின் நீர் பட்டால், கொப்பளிப்பான் இதுவரை வராத ஒருவருக்குக் கொப்பளிப்பான் வரலாம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு அது சாதாரண வருத்தம் அல்ல. அந்த அறையில் அது அப்போது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதைச் சத்தமாகச் சொன்னால் மூன்று பேர் ஒரே நேரத்தில் உடைந்துபோவார்கள். சொல்லாமல் விட்டால் ஷெரின் நாளை இரவு விமானம் ஏறிவிடுவாள். பிறகு எந்த ஊரில், யார், எப்போது இதைக் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஷெரினை உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். பெரிய கண்கள் உள்ள அமைதியான பெண். சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தாய் நீர்கொழும்பில் இருந்தார். உடனே போன் எடுக்கச் சொன்னேன். தாய் யோசிக்கவே இல்லை. மூத்தவளுக்கு வந்ததாம், இவளுக்குத் தொற்றிவிடும் என்று உடனே சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம், இவளுக்கு வரவே இல்லையாம். அதைப் பெருமையாகச் சொன்னார், பாவம்.

ஷெரின் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

“பிள்ளை, இப்ப பயப்பட ஒண்டும் இல்லை. தெரிஞ்சுகொள்ள ஒண்டு இருக்கு. அதை இண்டைக்கே தெரிஞ்சுகொள்ளுவம்,” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஆனால் எந்த வரிசையில் சொல்வது என்று பார்த்துக்கொண்டேன். முதலில் என்ன செய்யப் போகிறோம்: இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் முடிந்தது. இல்லாவிட்டால், நாட்கள் இருக்கின்றன, செய்ய வழியும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஏன் செய்கிறோம் என்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்ய ஏதோ இருக்கிறது என்று முதலில் கேட்டவர்கள், பிறகு கேட்பதைத் தாங்கிக்கொள்வார்கள்.

அக்காதான் தாங்கவில்லை. தன்னால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். ஷெரின் எழும்பி அவரிடம் போகப் பார்த்தாள்; நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்த அந்த நிமிடம் என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகக் கஷ்டமான நிமிடங்களில் ஒன்று.

ரொஷான் மாறியது அப்போதுதான். சற்று முன்வரை என்னோடு வாதாடிக்கொண்டிருந்தவர், ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “சரி டொக்டர். அம்மாவுக்கு குளிசை, ஷெரினுக்கு இரத்தம். ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருக்கலாமா?” என்று கேட்டார். நல்ல டொக்டர் கேட்க வேண்டிய கேள்வி அது. கொப்புளங்களை மூடி வைக்க வேண்டும், அவை காயும் வரை ஷெரின் நீர்கொழும்பில் தாய் வீட்டில் இருப்பது நல்லது என்றேன். மகப்பேற்று நிபுணராக இருந்த என் சிநேகிதி ஒருத்திக்கு அவர்கள் முன்னாலேயே போன் செய்து எல்லாம் சொன்னேன். இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போனது. விமானச் சீட்டை என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிளினிக் வாசலில் நின்றே அவர் அதை மாற்றினார்.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. ஷெரினின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே இருந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொப்பளிப்பான் சில பிள்ளைகளுக்கு யாருக்கும் தெரியாமல் இலேசாக வந்து போவதுண்டு. அல்லது கனடாவுக்குப் போன புதிதில் போட்ட ஊசிகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். நான் ரொஷானுக்குப் போன் செய்து சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார். நான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்ததாக எனக்கும் சொன்னார். அந்த வரிசை எனக்குச் சரியாகவே பட்டது.

நேரத்தோடு தொடங்கிய குளிசை நன்றாக வேலை செய்தது. கொப்புளம் காய்ந்தது. நோவு சில கிழமைகள் இருந்து, பிறகு தேய்ந்து போனது. அந்த ஆடித் திருவிழாவுக்குத்தான் முதல் முறையாக ரோஸ்மேரி அக்கா இல்லாமல் பஸ் போனது. ஆவணிக்கு அவரே முன் சீட்டில் இருந்தார்.

அந்தப் பயணத்தில் நடந்ததைப் போய்வந்த ஒவ்வொருவரும் எனக்குச் சொன்னார்கள். ஜெபமாலை சொல்லி முடிந்ததும் அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லையாம். அக்கி வந்தால் எப்படி இருக்கும் என்று புத்தளத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். சேலை பட்டால் கரண்ட் அடிக்கிற மாதிரி, படுக்க முடியாது, சிரிக்க முடியாது, தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பி வரும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒருவராலும் இறங்கிப் போக முடியாது. மடுவுக்குப் போய்ச் சேரும் முன்பே, ஊசி எங்கே போடுவது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

புரட்டாசியில் ஷெரினுக்கு மகள் பிறந்த படத்தைக் காட்ட வந்த ரோஸ்மேரி அக்கா, அப்படியே இந்தத் திட்டத்தையும் கொண்டுவந்தார். பஸ் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் ஊசி. போடாதவர்களுக்கு அடுத்த வருடம் பஸ்ஸில் இடம் இல்லை. முதல் பாதிக்குச் சரி என்றேன், இரண்டாவதற்கு மறுத்துவிட்டேன். பயமுறுத்திப் போட்ட ஊசி அடுத்த ஊசியைக் கெடுக்கும் என்று சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்து, சரி, விரும்பினவர்கள் மட்டும் என்றார். மருந்தின் விலை எல்லோருக்கும் எட்டக் கூடியது அல்ல, அதை நான் மறைக்க மாட்டேன். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்கு மட்டும் அல்லாமல் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து அனுப்பினார்கள். அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் அக்காவின் போனில் நடந்தது; டெலிபோன் ஒப்பரேட்டர் அல்லவா.

கிறிஸ்மஸ், பொங்கல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை, கோவில் மண்டபத்தில் ஏற்பாடு செய்தோம். அதற்கு முந்திய கிழமைகளில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, குடிக்கும் மருந்துகளை எல்லாம் கேட்டு, சிலரைப் பிறகு வரச்சொல்லியும் இருந்தேன். அன்று என்னோடு குமுதினியும் இளம் டொக்டர் ஒருவரும். ஊசி போட்ட பிறகு எல்லோரும் அங்கேயே சிறிது நேரம் இருக்க ஒரு பக்கம் கதிரைகள், ஒரு மெத்தை, அவசரத்துக்கு வேண்டிய மருந்துத் தட்டு. அக்கா தான் கடைசியில் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸிலும் எல்லோரும் ஏறிய பிறகுதான் அவர் ஏறுவார்.

முதல் ஆளாக வந்தவர் செபஸ்தியான் அண்ணன். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகு ஓட்டியவர். கதவு அளவு ஆள். ஊசி போட்டதுகூடத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே எழும்பினார். கொஞ்ச நேரம் இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமல், பின்வரிசையில் இருந்த மனைவி மெர்சியை நோக்கி நடந்தார். பாதி வழியில் கால் மடிந்து, இரண்டு கதிரைகளை இழுத்துக்கொண்டு விழுந்தார்.

மண்டபம் ஒரே நேரத்தில் எழும்பியது. மெர்சி அலறினார். ஊசி போட்டதும் விழுந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. நான் அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். இளம் டொக்டர், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியை எடுத்து ஆயத்தமாக என் பக்கத்தில் நின்றார்.

“டொக்டர், போடவா?”

“கையில வைச்சிருங்கோ. இன்னும் வேண்டாம்.”

ஏன் வேண்டாம் என்றேன் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். முகம் வெளிறி, வியர்த்துக் குளிர்ந்து போயிருந்தது. சிவக்கவில்லை, தடிக்கவில்லை. உதடும் நாக்கும் வீங்கவில்லை. மூச்சு சத்தமில்லாமல் சீராக வந்துகொண்டிருந்தது. நாடி மெதுவாக, மிக மெதுவாக அடித்தது. ஒவ்வாமையில் நாடி ஓடும், மயக்கத்தில் தூங்கும். ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதீர்கள்: மூச்சு இழுத்தாலோ, தோல் தடித்தாலோ, தொண்டை அடைத்தாலோ, இல்லை உங்களுக்குச் சந்தேகமாக மட்டும் இருந்தாலோகூட, நிற்காமல் போடுங்கள். நான் போடாமல் இருந்ததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. பார்த்தேன், தொட்டேன், கேட்டேன், சந்தேகம் இருக்கவில்லை. அப்படியிருந்தும் மருந்தைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னேன்.

படுத்தபடியே இருக்க விட்டுக் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தோம். நாடியில் வைத்த விரலை நான் எடுக்கவில்லை. மெல்ல மெல்ல அது வேகம் பிடித்தது. முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பஸ் போயிட்டா?” என்றார்.

மெர்சி அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் ஒரு அடி வைத்தார்.

அதற்குள் கதவுப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. பைகளை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு. அந்த நேரம் என் கையில் ஒரு நோயாளி, என் முன்னால் ஒரு மண்டபம். இரண்டையும் ஒருவரால் பார்க்க முடியாது. நான் எழும்பவில்லை. எழும்பிப் போய்ச் சமாதானம் சொல்லியிருந்தால், விழுந்தவரை விட்டுவிட்டு ஆட்களைப் பிடிக்க வந்தவள் ஆகியிருப்பேன்.

கதவடியில் ரோஸ்மேரி அக்கா நின்றார். கதவைச் சாத்தவில்லை. நடுவழியில் பஸ் பழுதானால் பேசுகிற குரலில் பேசினார். “போறவங்க போகலாம், ஒருத்தரையும் நான் மறிக்கல்ல. ஆனா அந்த மனுசனுக்கு என்ன நடந்ததெண்டு டொக்டர் சொல்லுவா. அதைக் கேட்டுட்டுப் போங்க. கேக்காமப் போனா வீட்ட போய் என்னத்தைச் சொல்லுவீங்க?”

பைகள் கீழே இறங்கின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செபஸ்தியான் அண்ணனிடம் குனிந்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, பிளேன்டீகூட இல்லை என்றார். இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்களே, ஊசிக்கும் அப்படித்தான் என்று நினைத்தாராம். இதை மற்றவர்களுக்குச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். நோயாளியின் விஷயம் நோயாளிக்குத்தான் சொந்தம், மண்டபமே காத்திருந்தாலும்.

“நானே சொல்றேன்,” என்றார். கால் இரண்டும் கதிரையில் இருக்க, படுத்தபடியே, கடலில் கூப்பிட்டுப் பழகிய குரலில் சொன்னார். “நான் நேத்து ராத்திரியில இருந்து பட்டினி. அதான் விழுந்தன். ஊசியில ஒரு பிழையும் இல்ல.”

பிறகு அக்கா, இன்னும் யார் யார் சாப்பிடாமல் வந்தது என்று கேட்டார். ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. பிறகு மண்டபத்தில் பாதிக் கைகள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் எல்லாம் விளக்கியிருந்தேன். கை வலிக்கும், ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், அலுப்பாக இருக்கும் என்று. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சந்தியில் இருந்த பேக்கரியிலிருந்து மீன் வைத்த மாலு பணிஸும் சீனி தூவிய கிம்புலா பணிஸும் பெட்டி பெட்டியாக வந்தன. கோவில் குசினியில் சீனி போட்ட பிளேன்டீ. சீனி வருத்தக்காரர்களுக்கு எதைக் கொடுப்பது என்று அக்கா பார்த்துக்கொண்டார். எல்லோரும் சாப்பிட்டு முடியும் வரை ஒரு ஊசியும் போட மாட்டேன் என்று நான் இருந்துவிட்டேன். நேரம் போகிறதே என்று குமுதினி மணிக்கூட்டைப் பார்த்தாள். போகட்டும் என்றேன். பயந்த மனிதர்களுக்கு அந்த அரைமணி நேரம் மருந்தை விட முக்கியமாக இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் யார் முதலில் வருவது என்ற கேள்வி வந்தது. ஒருவரும் அசையவில்லை. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்த கதிரையில் சாய்ந்து இருந்தார். எல்லோரும் ஏறிய பிறகு ஏறுகிற மனுஷி, அன்றைக்கு முதலில் ஏறினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மண்டபத்தைப் பார்த்து, “நோவு எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். இது நோவே இல்ல,” என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. இரண்டு பேர் மட்டும் வீட்டுக்குப் போனார்கள். அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டார். அந்த உத்தரவுதான் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. அடுத்த கிழமையே கிளினிக்குக்கு வந்து போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் இரண்டாவது ஊசியைப் பற்றித்தான். முதல் ஊசிக்குப் பிறகு கை வீங்கி, ஒரு நாள் போர்த்திக்கொண்டு படுத்தவர்கள் இரண்டாவதுக்கு வராமல் போவது நம் தொழிலில் வழமை. ஒன்றோடு நின்றால் பாதி வேலிதான். அன்று இரவும் மறுநாளும் அக்கா ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். காய்ச்சலா, படுங்க, தண்ணி குடிங்க, டொக்டர் சொன்னதுதான் நடக்குது என்று. டொக்டர் சொன்னதுதான் நடக்கிறது என்ற அந்த வசனம், நான் கொடுத்த எந்தக் குளிசையை விடவும் நன்றாக வேலை செய்தது. வரப்போகும் துன்பத்தை முன்கூட்டியே நேர்மையாகச் சொன்னால், அது வரும்போது உங்கள் மேல் நம்பிக்கைதான் கூடும்.

ஈஸ்டர் முடிந்து, வைகாசியில் இரண்டாவது ஊசி. நாங்கள் போகும் முன்பே மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவர்கூடக் குறையவில்லை. செபஸ்தியான் அண்ணன் இரண்டு தட்டுப் பிட்டு சாப்பிட்டுவிட்டு வந்ததாக வாசலிலேயே எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தார். யாரும் விழவில்லை. கடைசி ஆளுக்குப் போட்டு முடித்து நான் கையைக் கழுவியபோது, அக்கா என்னைக் கதிரையில் இருத்தி, உங்களுக்கு எப்போது டொக்டர் என்று கேட்டார். எனக்கும் அந்த வயதுதானே. என் முதல் ஊசியைக் கிளினிக்கில் போட்டிருந்தேன். இரண்டாவதை அன்று குமுதினி எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்டாள். கைதட்டினார்கள்.

இந்த ஊசி நூற்றுக்கு நூறு என்று யாருக்கும் சொல்லாதீர்கள். ஆனால் மிக நல்ல ஊசி. அதில் ஒரேயொரு குறை, அதன் வெற்றி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். வராத வருத்தத்துக்காக ஒருவரும் நன்றி சொல்லி வருவதில்லை. அப்படியொரு வெற்றியை நான் கண்ணால் கண்டது அன்று மட்டும்தான். காத்திருக்கும் நேரம் போவதற்காக யாரோ கதிரையில் தாளம் போட, இன்னொருவர் பைலா பாட்டை எடுக்க, மண்டபம் முழுவதும் எழும்பிவிட்டது. முதல் தடவை கை எப்படி வலித்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் ஊசி போட்ட இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் மேலே தூக்கி ஆடினார்கள். எழுபதும் எண்பதும் வயதானவர்கள், ஒரு மண்டபம் நிறைய, ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு. நானும் வலது கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போனேன்.